செபஸ்தியானின் மஞ்சள் நண்டுகள்

திண்டுக்கல்லிலிருந்து பேகம்பூருக்குப் போகிற சாலையில் சனாவுல்லா பாயின் மோட்டார் பட்டறை இருந்தது. அங்கே என்ஜினைப் பிரித்து மாட்ட நாலைந்து பேர் இருந்தார்கள். பிரேக்கில் கைவைக்க மட்டும் ஒரே ஆள்தான். அவன் பெயர் செபஸ்தியான்.

தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்து நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்த ஒரு தகப்பனின் மூத்த மகன் அவன். மீசை முளைக்கும் முன்பே பட்டறைக்கு வந்தவன், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். இத்தனை வருடத்தில் அவனுக்கென்று ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. பிரேக் வேலை முடிந்த எந்த வண்டியையும் அவன் அப்படியே ஒப்படைக்கமாட்டான். தானே நத்தம் ரோட்டுக்கு ஓட்டிப் போவான். வேகம் பிடித்ததும் பிரேக்கை அழுத்தி மிதிப்பான். திரும்பி வந்து இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுட்டால் சரி. ஒன்று சுட்டு இன்னொன்று குளிர்ந்து கிடந்தால், வண்டி மறுபடியும் ஜாக்கியின் மேல் ஏறும்.

“டாக்டரு காய்ச்சல் பாக்குறாருடோய்” என்று லாரி டிரைவர்கள் கேலி செய்வார்கள். “மாத்திரை எதுவும் எழுதிக் குடுப்பீகளா டாக்டரே?”

“எழுதித் தாரேன். ஒரு வாரம் வண்டி ஓட்டாம வீட்டுல படுத்துக் கெட” என்பான் செபஸ்தியான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மனைவி ஆனந்தமேரி பக்கத்தில் முழந்தாளிட்டு நீளமாக ஜெபிப்பாள். குழந்தைகளின் படிப்பு, கூரையின் ஒழுக்கு, தம்பியின் கல்யாணம் என்று அவளுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. செபஸ்தியானின் ஜெபம் ஒரே வரிதான். ‘ஆண்டவரே, நான் தொட்ட வண்டியெல்லாம் நிக்கணும்.’

அறுபத்துநான்காம் வருடம், ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு, அந்தச் சிவப்புக் கார் பட்டறைக்கு வந்தது.

சீமைக் கார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, மடக்கி வைக்கிற துணிக்கூரை, சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி போட்ட சக்கரங்கள். கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. வாங்கியவன் பழனியை ஒட்டிய நெய்க்காரப்பட்டியில் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்துப் பிள்ளை, கண்ணுசாமி. இருபத்துமூன்று வயது. அவன் ஓட்டி வந்த தெருவெல்லாம் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

“ஏனுங்கண்ணா, செபஸ்தியான் மேஸ்திரிங்கறது நீங்கதானுங்களா?” என்று கேட்டபடி இறங்கினான். “இந்த முன் சக்கரத்துக் கம்பி வழியா உள்ள பாருங்க. அசிங்கமா இல்லீங்களா?”

செபஸ்தியான் குனிந்து பார்த்தான். லாரிகளுக்கு இருப்பதுபோல் மூடிய பிரேக் பானை இந்தக் காரின் முன் சக்கரங்களில் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வழவழப்பான ஒரு இரும்புத் தட்டு இருந்தது. அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஒரு கனத்த இரும்புப் பிடி இருந்தது. பெடலை மிதித்தால் அந்தப் பிடிக்குள் இருக்கும் இரண்டு கட்டைகள் தட்டை நெருக்கி நிறுத்தும். பிடிக்குக் காலிப்பர் என்று பெயர். மலை மழையில் நனைந்து நனைந்து அது செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தது.

“நண்டு கவ்வுன மாதிரியில்ல இருக்கு” என்றார் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த சனாவுல்லா பாய். அன்றிலிருந்து பட்டறையில் அதற்கு நண்டு என்றே பெயராகிவிட்டது.

“அதேதானுங்க. அந்த நண்டைக் கழட்டி, துருவெல்லாம் சுரண்டி, மஞ்சப் பெயிண்டு அடிச்சுக் குடுத்துருங்கண்ணா. செவப்புக் காருக்கு மஞ்ச நண்டு. சக்கரம் சுத்தறப்ப உள்ள மின்னோணும்.”

“பிரேக்கு பிடிக்கலைன்னு வந்த ஆளப் பாத்திருக்கேன். பிரேக்கு அழகா இல்லைன்னு வந்த ஆள இன்னைக்குத்தான் தம்பி பாக்குறேன்” என்றான் செபஸ்தியான். ஆனாலும் அவன் கண் அந்த நண்டை விட்டு அகலவில்லை.

மறுநாள் காலை ஒரு அம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, கையில் ஒரு துணிப்பை. பழனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நடந்து வந்தவள் என்பது புழுதி படிந்த காலிலேயே தெரிந்தது. ஜாக்கியின் மேல் நின்ற சிவப்புக் காரைப் பார்த்ததும், பாம்பைப் பார்த்தவள்போல் ஓரடி விலகினாள்.

“நான் கண்ணுசாமியோட அம்மாங்க. பழனியம்மாள்னு பேரு. நான் வந்தது அவனுக்குத் தெரியாதுங்க, மேஸ்திரி.”

செபஸ்தியான் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“இந்தக் காரு வேலை முடியாமயே கெடக்கட்டுங்க. சாமான் வரலை, சீமையிலிருந்து வரோணும்னு சொல்லிப்போடுங்க. அவனுக்கு ஒரு கலியாணம் ஆகற வரைக்கும் போதும். அப்பறம் பொண்டாட்டி புடிச்சு நிறுத்திக்குவா.”

“ஏம்மா இம்புட்டு பயம்?”

அவள் சொன்னாள். அழாமல், யாருக்கோ நடந்த கதைபோலச் சொன்னாள். அவளுடைய கணவன் நாச்சிமுத்து ஒரு தை மாதத்தில் வெங்காய மூட்டை ஏற்றிய லாரியில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சந்தைக்குப் போனான். இறக்கத்தில் லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பாலத்துச் சுவரில் போய் மோதியது. வீட்டுக்கு வந்தது அவன் துண்டு மட்டும்தான். அப்போது கண்ணுசாமி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் பஸ்ஸில்கூட கடைசி இருக்கையில், கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள்.

“எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தானுங்க” என்று முடித்தாள்.

அந்த லாரியின் பிரேக்கை எந்தப் பட்டறையில் எவன் பார்த்திருப்பான் என்று செபஸ்தியானின் மனம் எங்கோ போய் வந்தது.

“அம்மா, நான் சாமான் வரலைன்னு பொய் சொன்னா, தம்பி வேற பட்டறைக்குக் கொண்டுபோகும். அங்க எவன் எப்படி மாட்டுவான்னு எனக்குத் தெரியாது. இங்கயே இருக்கட்டும். பிரேக்கை நான் பாக்குறேன்.”

“நிக்குமுங்களா?”

“நிக்கும்.”

“சத்தியமாங்களா?”

“எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதும்மா. வார்த்தை குடுக்குறேன். அந்தப் பிரேக்குக்கு நான் ஜவாப்தாரி.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து செபஸ்தியானின் தோளில் ஒரு பிள்ளையின் உயிர் ஏறிக்கொண்டது.

வேலை அவன் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. போல்ட்டுகள் துருவில் ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டி, திருகி, மறுபடியும் ஊறவைத்துத்தான் நண்டுகளைக் கழற்ற முடிந்தது. பிரேக் குழாயிலிருந்த திரவத்தை வடித்தான். ஒரு சொட்டு பெயிண்டில் பட்டாலும் அது பெயிண்டை அரித்துவிடும். நண்டின் வயிற்றிலிருந்த பிஸ்டன்களையும் ரப்பர் வளையங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தமான கிண்ணத்தில் போட்டு மூடினான். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, துருவுக்குள்ளிருந்து சாம்பல் நிற இரும்பு எட்டிப் பார்த்தது. அப்புறம் மஞ்சள் பெயிண்ட், இரண்டு பூச்சு.

சாதாரணமாகக் காயவிட்டால் பிரேக்கின் சூட்டில் அந்தப் பெயிண்ட் உரிந்துவிடும். நெருப்பில் வாட்ட வேண்டும். பேகம்பூரில் அவ்வளவு பெரிய சூடு ஒரே இடத்தில்தான் இருந்தது. செபஸ்தியான் இரண்டு நண்டுகளையும் தகரத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு டீயும் ரொட்டியும் விற்கிற பக்ருதீனின் கடைக்குப் போனான். காலை ரொட்டி வெந்து முடிந்து அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன மேஸ்திரி இது, புது மாதிரி பன்னா?” என்றார் பக்ருதீன்.

“ஆமா பாய். செத்த நேரம் உள்ள வையுங்க. கருகாமப் பாத்துக்குங்க.”

“நாளைக்கு என் ரொட்டியில பெயிண்டு வாசனை வந்துச்சுன்னா, தின்னவன் அம்புட்டு பேரையும் உங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.”

நண்டுகள் வெந்து வந்தன. நகத்தால் கீறினாலும் பெயிண்ட் அசையவில்லை. எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, புதுத் திரவம் நிரப்பி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினான் செபஸ்தியான். பூஜைக்கு முதல் நாள் மாலை அவனே காரை நத்தம் ரோட்டுக்கு ஓட்டிப் போனான். மிதித்த இடத்தில் அது மூக்கைத் தாழ்த்தி நின்றது. மறுபடி மிதித்தான். மறுபடியும் நின்றது. பட்டறைக்கு வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இரண்டு சக்கரமும் ஒரே சூடு.

ஆனந்தமேரி பரிமாறிய சோற்றை அன்று அவன் ருசித்துச் சாப்பிட்டான். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆயுத பூஜை நாள். சனாவுல்லா பாயின் பட்டறையில் அதைத் தவறவிட்டதே இல்லை. பொரிகடலை வாங்கித் தருவது பாய். தோரணம் கட்டுவதும் சாமான்களுக்குச் சந்தனம் வைப்பதும் மற்ற மெக்கானிக்குகள். செபஸ்தியானும் தன் ஸ்பானர்களைக் கழுவி வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிடுவான். சூடம் ஏற்றும் நேரம் வந்தால் மட்டும் பக்ருதீனின் கடைக்குப் போய் டீ சொல்லிவிட்டு உட்காருவான். அவர்கள் கும்பிடும் இடத்தில் கும்பிடாமல் கை கட்டி நிற்பது மரியாதை இல்லை என்பது அவன் எண்ணம். எல்லாம் முடிந்தபின் வந்து பொரி வாங்கிக்கொள்வான். இருபது வருடத்துக்கு மேலான வழக்கம்.

அன்று காரை எடுக்க வந்த கண்ணுசாமியோடு பழனியம்மாளும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். மகனைத் தடுக்க முடியவில்லை. பூஜையாவது தன் கையால் செய்து அனுப்ப வேண்டும் என்று தேங்காய், பழம், பூ, விளக்குக்கு வீட்டில் காய்ச்சிய விளக்கெண்ணெய் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். புரட்டாசி மழை இரவில் கொட்டித் தீர்த்திருந்தது. காரைச் சுற்றி வந்த அந்தம்மாள், சக்கரத்துக் கம்பிகளின் இடுக்கில் பார்த்து நின்றாள்.

“ஏனுங்க மேஸ்திரி, நண்டு பளிச்சுனு இருக்குதுங்க. அதுக்கு நடுவுல இந்தத் தட்டு மட்டும் செவந்து கெடக்குதே.”

“ஒரு மழைக்கே துரு பூத்திருச்சும்மா. அது ஒண்ணுமில்ல, ஓடினாத் தானாப் போயிரும்” என்று சொல்லிவிட்டு, பூஜைக்கு நேரமானதால் செபஸ்தியான் டீக்கடைக்கு நடந்தான்.

டீ ஆறும் வரை பக்ருதீனோடு பேசிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது பூசணிக்காய் உடைந்து சாலையில் சிவப்பாகக் கிடந்தது. டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழங்களின் மணம். சிவப்புக் கார் பழனி ரோட்டுப் பக்கம் திரும்பிப் போவதை அவன் தூரத்தில் கண்டான். சக்கரத்துக்குள் மஞ்சள் ஒரு மின்னு மின்னி மறைந்தது.

பழனியம்மாள் அதே ஸ்டூலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். மகன் எவ்வளவோ அழைத்தும் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு இருந்தது.

“நீங்க சொன்ன வார்த்தை இருக்குதுங்க. அதான் தைரியமா அனுப்பிச்சேன்” என்றாள். “என்னோட பங்குக்கு நானும் கொஞ்சம் பண்ணுனேனுங்க.”

“என்னம்மா பண்ணுனீங்க?”

“அந்தத் தட்டு துருப்புடிக்குதுன்னீங்களே. மம்முட்டி, ஏர்க்கொழு, அருவா எல்லாத்தையும் பூசைக்குக் கழுவித் தொடச்சா, துரு அண்டாம எண்ணெய் தடவித்தானே வெப்போம். பெயிண்டு இல்லாத இரும்பு அது ஒண்ணுதான். கம்பிக்குள்ள விரலை விட்டு, ரெண்டு சக்கரத்துலயும், நல்லா மினுமினுன்னு வெளக்கெண்ணெய் தடவி விட்டேனுங்க.”

செபஸ்தியானின் காதில் அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

தட்டில் எண்ணெய். நண்டு எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் தட்டு அதன் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டே சுற்றும். கண்ணுசாமி மிதிப்பான். கார் நிற்காது. நேற்று மாலை பார்த்துப் பார்த்துச் சோதித்த பிரேக், இன்று காலை டீ ஆறுகிற நேரத்துக்குள் இல்லாமல் போய்விட்டது. பின் சக்கரங்களில் பழைய மாதிரிப் பிரேக் உண்டு. ஆனால் அந்த வேகத்தில் அந்தக் காரை அது மட்டும் பிடித்து நிறுத்துமா? வாலிபப் பிள்ளை, புதுக் கார், விடுமுறை நாளில் வெறிச்சோடிய சாலை.

அந்தத் தாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டு வரும் என்று காத்திருக்கும் குழந்தையின் முகம். இவளிடம் எப்படிச் சொல்வது? கணவனைப் பிரேக்குக்குப் பறிகொடுத்தவளிடம், மகனின் பிரேக்கை உன் கையே பறித்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

“முதலாளி, மோட்டார் சைக்கிள் சாவி குடுங்க.”

“எங்கப்பா செபஸ்தி? பொரி வாங்கிக்க” என்றார் சனாவுல்லா பாய்.

“ஒரு ஸ்பானரைக் காருக்குள்ள விட்டுட்டேன். வாங்கிட்டு வாரேன்.”

“ஒரு ஸ்பானருக்காங்க இத்தன ஓட்டம்?” என்று பழனியம்மாள் சிரித்தது அவன் முதுகில் விழுந்தது.

அவன் ஓட்டிய ஓட்டத்தை அந்தச் சாலை அதற்குமுன் கண்டிருக்காது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் கண் சிவப்பைத்தான் தேடியது. ஒரு சேலை. ஒரு தபால் பெட்டி. கடை வாசலில் உடைத்த ஒரு பூசணிக்காய். ‘ஆண்டவரே, நிக்கணும்’ என்று உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

ஊரைத் தாண்டியதும் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. பழனிப் பக்கமிருந்து வந்த ரயில் புகையைக் கக்கிக்கொண்டு, பெட்டி பெட்டியாகக் கேட்டைக் கடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு பஸ், சில மாட்டு வண்டிகள், சைக்கிள்கள். சிவப்புக் கார் எங்கேயும் இல்லை.

கேட் மூடும் முன்பே கண்ணுசாமி தாண்டிப் போனானா? அல்லது மூடிய கேட்டை உடைத்துக்கொண்டு, அந்தச் சக்கரங்களுக்கு அடியில்...

“அண்ணே, ஒரு செவப்புக் காரு...” என்று சைக்கிள்காரன் ஒருவனிடம் கேட்டான் செபஸ்தியான்.

சைக்கிள்காரன் நிதானமாக இடது பக்கம் கை காட்டினான். “அந்தா, பூவுக்குள்ள கெடக்கு.”

சாலையோரம் புளியமரத்தடியில், டவுனுக்குப் போவதற்காகச் செவ்வந்திப் பூ மூட்டைகளை மலைபோல் குவித்திருந்தார்கள். அந்த மலைக்குள் பாதி நுழைந்து நின்றது சிவப்புக் கார். கூரையெல்லாம் பூ. கண்ணாடியெல்லாம் பூ. பக்கத்தில் ஒரு மூட்டைமேல் கண்ணுசாமி உட்கார்ந்திருந்தான். அவன் தலைமுடியிலும் மஞ்சள் இதழ்கள். முழு உடம்போடு, கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, அவன் உட்கார்ந்திருந்தான்.

செபஸ்தியான் மோட்டார் சைக்கிளை அப்படியே சாயவிட்டுவிட்டு, சாலையோரப் புழுதியில் உட்கார்ந்தான்.

பூவை விளைவித்த சம்சாரி சோலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஞாயம் கேட்டுக்கொண்டிருந்தார். “காரு வாங்கத் தெரியுது, நிறுத்த எடம் தெரியலையே அப்பு. அம்மாம் பெரிய ரோட்டுல என் பூ மேலதான் நிறுத்தணுமா?”

“நானாவா நிறுத்துனேனுங்க?” என்றான் கண்ணுசாமி. “கேட்டு மூடறதப் பாத்து மிதிச்சேன். கல்லு மாதிரி இருக்குது பெடலு, காரு பாட்டுக்குப் போயிட்டே இருக்குது. பின்சக்கரம் மட்டும் கீச்சுனு இழுத்துச்சு. கைப்பிரேக்கையும் புடுங்கிட்டு ஒடிச்சேன். முன்னால பூதான் தெரிஞ்சுதுங்க.”

பிறகு செபஸ்தியானைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. “நீங்க பாத்த பிரேக்குங்கண்ணா.”

செபஸ்தியான் எழுந்து போய், கம்பிகளுக்குள் விரலை விட்டுத் தட்டைத் தொட்டான். வழவழவென்று வழுக்கியது. விரலைக் கண்ணுசாமியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“மோந்து பாரு தம்பி.”

அந்த வாசனையைக் கண்ணுசாமி பிறந்ததிலிருந்து அறிவான். தலைக்கு வைத்தது அது. வயிற்றுக்குக் கொடுத்தது அது. வீட்டு விளக்கில் எரிந்தது அது.

“அம்மாவா?” என்றான் மெதுவாக.

“துருப்பிடிக்கக் கூடாதுன்னு.”

ரயில் போன பின் கேட் திறந்தது. வண்டிகள் அவர்களைத் தாண்டிப் போயின.

“அண்ணா, இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாங்க. அப்பா போனதுக்கே பாதி உசுருதான் மிச்சம். தெரிஞ்சா மீதியும் போயிரும்.”

“சரி தம்பி. சொல்லலை.”

அங்கேயே சக்கரத்தைக் கழற்றி, தட்டைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, கவ்வுகிற கட்டைகளை மணல் தாளில் தேய்த்து, பட்டறை வரை ஊர்ந்து போகும் அளவுக்குச் சரிசெய்தான் செபஸ்தியான். ஒரு விளக்கின் வளையம் நசுங்கியதைத் தவிரக் காருக்குப் பழுதில்லை. நசுங்கிய பூவையெல்லாம் கண்ணுசாமியே வாங்கிக்கொண்டதும் சோலைமுத்துவின் கோபம் இறங்கியது. அவரே அள்ளி அள்ளிக் காரின் இருக்கைகளுக்குப் பின்னால் போட்டார். “சாமி ஊர்வலம் மாதிரி மெல்லப் போங்க” என்று வழியனுப்பினார்.

காரை ஓட்டிக்கொண்டு செபஸ்தியான் முன்னால் வர, கண்ணுசாமி மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். வழியெல்லாம் செபஸ்தியானின் மனம் கொடுத்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே கிடந்து தவித்தது. மகனுக்குக் கொடுத்தது ஒன்று. தாய்க்குக் கொடுத்தது ஒன்று. சொன்னால் அவள் நெஞ்சு உடையும். சொல்லாவிட்டால்? தை பிறக்கும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு எண்ணெய் தடவுகிற கை, போகிற போக்கில் இந்தத் தட்டுக்கும் தடவும். அடுத்த முறை புளியமரத்தடியில் பூ இருக்குமென்று யார் கண்டது?

பட்டறை வாசலில் பழனியம்மாள் எழுந்து நின்றாள். பூவால் நிறைந்த காரைப் பார்த்து அவள் கண் விரிந்தது.

“இதென்னுங்க இத்தன பூவு? ஸ்பானர் கெடச்சுதுங்களா?”

செபஸ்தியான் காரிலிருந்து இறங்கி அவள் முன்னால் வந்து நின்றான். பின்னால் கண்ணுசாமி வேண்டாம் என்று தலையசைப்பது தெரிந்தது.

“ஸ்பானர் எங்கயும் போகலைம்மா. நான் பொய் சொன்னேன். உக்காருங்க, ஒண்ணு சொல்றேன். முதல்ல தம்பியப் பாத்துக்கங்க. ஒரு கீறல் இல்லாம நிக்குது. அதப் பாத்துக்கிட்டே கேளுங்க.”

சொல்லி முடித்தான். ஒன்றையும் மறைக்கவில்லை.

பழனியம்மாள் அழவில்லை. மகனிடம் போனாள். சந்தையில் காளையைப் பார்ப்பதுபோல் அவன் தலை, தோள், முழங்கை, விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தலைமுடியிலிருந்த ஒரு செவ்வந்தி இதழை எடுத்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவை யாருடையவையோ என்பதுபோல் பார்த்தாள்.

“இந்தக் கை...” என்று தொடங்கினாள்.

செபஸ்தியான் அதை முடிக்க விடவில்லை. “அம்மா, அருவாவுக்கு எண்ணெய் எங்க தடவுவீங்க?”

அவள் புரியாமல் நிமிர்ந்தாள். “வெட்டற வாயிலதானுங்க.”

“பிடியில தடவிட்டுக் கதிர் அறுக்க முடியுமா?”

“அதெப்படிங்க? நழுவிப் போயிருமுங்களே.”

“இந்தத் தட்டு அருவா வாய் இல்லம்மா. பிடி. நண்டு பிடிக்கிற எடம். அது காஞ்சுதான் இருக்கணும். துரு பூத்தாலும் பாதகமில்ல. இத உங்களுக்குச் சொல்லாமப் போனது நான். ‘ஒண்ணுமில்ல’ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.”

பழனியம்மாள் வெகுநேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்தாள். பிறகு தலையை மெல்ல ஆட்டினாள். “பிடியிலயா தடவிப்போட்டேன்” என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதுவரை வராத அழுகையும் வந்தது. இரண்டையும் சேலைத் தலைப்பால் ஒன்றாகவே துடைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. சோப்பு வாங்கிக் கையைத் தேய்த்துக் கழுவினாள். செபஸ்தியான் சக்கரங்களைக் கழற்ற, பெட்ரோல் துணியை வாங்கித் தட்டுகளைத் தானே துடைத்தாள். கட்டைகளைத் தணலில் காட்டி, ஊறிய எண்ணெய் போக வாட்டித் தேய்த்தான் அவன். எல்லாம் மாட்டி முடிந்ததும் சாவியை எடுத்தான்.

“பரீட்சைக்குப் போறேன். நீங்களும் வாங்கம்மா.”

“நானுங்களா?” அவள் பின்வாங்கினாள். மகனைப் பார்த்தாள். நண்டுகளைப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குள் இறங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நத்தம் ரோட்டில், கூரையை மடக்கிய கார் வேகம் பிடித்தது. காற்றில் பின்னாலிருந்த செவ்வந்தி இதழ்கள் எழுந்து பறந்தன. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“கண்ணத் திறந்து பாருங்கம்மா. இப்ப மிதிக்கிறேன்.”

மிதித்தான். கார் மூக்கைத் தாழ்த்தி, சாலையைக் கவ்விப் பிடித்ததுபோல் நின்றது. பழனியம்மாள் முன்னால் போய்ப் பின்னால் வந்தாள். நெஞ்சுக்குள் எத்தனையோ வருடமாக அடைத்துக் கிடந்த ஒரு மூச்சு அவளிடமிருந்து நீளமாக வெளிவந்தது.

“நின்னு போச்சுங்க” என்றாள். பிறகு, “இன்னொருக்கா மிதிங்க மேஸ்திரி.”

திரும்பி வந்து இறங்கியதும் அவன் செய்வதற்கு முன் அவளே குனிந்து, இரண்டு முன் சக்கரங்களின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். “ரெண்டும் ஒரே சூடுங்க” என்று மகனிடம் சொன்னாள். அன்று அவள் பஸ்ஸில் போகவில்லை. மகனுக்குப் பக்கத்தில், பூவுக்கு நடுவில் உட்கார்ந்து நெய்க்காரப்பட்டிக்குப் போனாள். ரயில்வே கேட்டுக்கு அரை மைல் முன்னாலேயே பிரேக்கை மிதிக்கச் சொன்னாள் என்று கண்ணுசாமி பிற்பாடு வந்து குறைப்பட்டுக்கொண்டான்.

செபஸ்தியான் அன்று மாலை வீட்டுக்குப் போனபோது ஆனந்தமேரி மூக்கைச் சுளித்தாள். “என்ன வெளக்கெண்ணெ வாசம்?”

“செத்த நேரம் இரு, சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, அவன் பாயில் சாய்ந்து, சொல்லாமலே தூங்கிப்போனான். சோறு ஆறிப்போகும் வரை அவள் அவனை எழுப்பவில்லை. அவன் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து சனாவுல்லா பாயின் பட்டறையில் முறை மாறியது. முதலில் பூஜை. பிறகுதான் பிரேக் பரீட்சை. சூடம் ஏற்றும்போது செபஸ்தியான் டீக்கடைக்குப் போவதில்லை. வாசலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, யார் கை எந்தச் சாமானுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழனியம்மாளும் வருடம் தவறாமல் அந்தக் காரில்தான் வந்து இறங்குவாள். கையில் விளக்கெண்ணெய்ப் பாட்டில் இருக்கும்.

“ஏனுங்க மேஸ்திரி, எங்க தடவட்டும்?” என்பாள் கண்ணில் குறும்போடு.

“கதவுக் கீலுக்கு விடுங்கம்மா. வேற எதையும் தொடாதீங்க.”

அவள் இரண்டு கதவுக் கீல்களுக்கும் சொட்டுச் சொட்டாக விடுவாள். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். விட்டு முடித்ததும் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பாள். அது சத்தமில்லாமல் மூடும். கம்பிகளுக்குள் மஞ்சள் நண்டுகள் காய்ந்த தட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும்.